எக்ஸ்பி கோடு கசிந்ததைவிடப் பெரிய ஆபத்து

தம்பி, மண்டபத்தில் உங்கள் மீன் கம்பெனி கணக்கு இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது, அதன் கோடு (அதை உருவாக்க எழுதிய நிரல்) கசிந்துவிட்டதாமே, ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள்.

கசிந்தது உண்மை, 2020 செப்டம்பரில். ஆனால் விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் லினக்ஸின் கோடை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் அது கெட்டுப்போகவில்லை. ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆள் இருக்கிறார்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-லேயே கைவிரித்துவிட்டது. பலகை இடுக்கு பார்க்க ஆளில்லாத வள்ளத்தில் கடலுக்குப் போவீர்களா? 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, ஓட்டையை அடைக்க மார்ச்சில் வந்த திருத்தத்தைப் போடாத கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. எக்ஸ்பிக்கோ அடி விழுந்த பிறகுதான் திருத்தமே வந்தது.

முதலில் அதன் நெட் வயரைக் கழற்றுங்கள், இன்றைக்கே. கணக்கை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, டிஸ்கையும் பிடுங்கி வையுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாம்பனில் நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியில் பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்தது. செருகியபடியே கிடந்த பேக்கப் டிஸ்கும் சேர்ந்து போனது. எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். அந்த அவமானம் உங்களுக்கு வேண்டாம்.

'புதுப்பித்த எக்ஸ்பி' என்று டெலிகிராமில் வருவதைத் தொடவே தொடாதீர்கள்.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வேலை குறைவு. அப்போது புது கம்ப்யூட்டருக்கு மாறுங்கள். கணக்கு சாஃப்ட்வேர் பெயரைச் சொன்னால் புது விண்டோஸில் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.