சாளரம் உடைந்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பது?

கேள்வி: என் சதுரங்க நிரல், முந்தைய ஆழத்தில் (எத்தனை நகர்வுகள் முன்னோக்கிப் பார்க்கிறது என்ற அளவு) நிலைக்குக் கிடைத்த மதிப்புக்கு இருபுறமும் கால் சிப்பாய் அளவு சாளரம், அதாவது மேல், கீழ் எல்லைகள், வைத்துத் தேடுகிறது. மதிப்பு வெளியே விழுந்தால் சாளரத்தை முழுவதும் திறந்து மறுபடி தேடுகிறேன், நேரம் பறிபோகிறது. சில வேளைகளில் மேலெல்லையைத் தாண்டிய நகர்வே மறுதேடலில் கீழே விழுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உடைந்த பக்கத்தை, அதாவது மதிப்பு தாண்டிப்போன எல்லையை மட்டும், படிப்படியாகத் திறவுங்கள். ஒரு சிப்பாய் 100 என்று கொள்வோம். 9ஆம் ஆழத்தில் மதிப்பு 32. சாளரம் 7 முதல் 57 வரை. 10ஆம் ஆழத்தில் எதிராளியின் குதிரை இரு காய்களை ஒருசேரத் தாக்குவது தெரியவர, உண்மை மதிப்பு −41 ஆகிவிடுகிறது. முதல் தேடல் சொல்வதெல்லாம் ‘7ஐத் தாண்டாது’ என்பதே. 32இலிருந்து கீழ்ப்பக்க இடைவெளியை 50 ஆக்கினால் கீழெல்லை −18, அதுவும் உடையும். 100 ஆக்கினால் −68. மதிப்பு உள்ளே அகப்பட்டுவிடும். மேலெல்லை 57இலேயே நிற்கட்டும். ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளைச் சேமித்துவைக்கும் ஹாஷ் டேபிளில் முந்தைய தேடலின் விடைகள் இருப்பதால், மறுதேடல்கள் பெரும்பாலும் நீங்கள் அஞ்சும் அளவுக்கு நேரம் தின்பதில்லை.

கீழே உடைவதும் மேலே உடைவதும் ஒன்றல்ல. மேலே உடைந்தால், அந்த நகர்வு நல்லது என்று தெரிந்துவிட்டது. நேரம் முடிந்தாலும் அதையே ஆடலாம். கீழே உடைந்தால் எந்த நகர்வின் உண்மை மதிப்பும் தெரியாது. அந்தத் தேடல் தரும் ‘சிறந்த நகர்வை’ ஒருபோதும் நம்பாதீர்கள். முந்தைய ஆழத்தின் நகர்வைக் கையில் வைத்துக்கொண்டு, கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஆட்டத்தில் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

மேலே தாண்டி, மறுதேடலில் கீழே விழுவதற்கு ஹாஷ் டேபிளும் வெற்று நகர்வு வெட்டலும் (ஒரு முறை ஆடாமல் விட்டாலும் நிலை நன்றாகவே இருந்தால் அந்தக் கிளையை மேலும் தேடாமல் விடுவது) காரணமாகலாம். சாளரம் மாறும்போது வெட்டப்படும் கிளைகளும் மாறுகின்றன. அதனால் இதை முற்றாக ஒழிக்க முடியாது. ஆனால் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாணவரின் நிரலில் இதே தொல்லைக்காக ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். எல்லையாக மட்டுமே தெரிந்த மதிப்பை டேபிளில் துல்லியமான மதிப்பு என்று பதிந்திருந்தார். ஒரே வரிதான் பிழை.

மூன்று முறை உடைந்தால் அந்தப் பக்கத்தை முடிவிலி வரை திறந்துவிடுங்கள். அப்போது நிரல் ஒரே ஆழத்தில் சுற்றிச் சுற்றி வராது. மதிப்பு இறுதி முற்றுகையைக் காட்டினாலும் அப்படியே செய்யுங்கள். முதல் நான்கைந்து ஆழங்களுக்குச் சாளரமே தேவையில்லை.