பேர வாவியில சரியா வந்தது, வெள்ளவத்தை கடல்ல ஏன் பிழைக்குது?

கேள்வி: அண்ணா, கம்பஸ் கடைசி வருஷ புரொஜெக்ட். கரைக்குச் சமாந்தரமா ஒரே லைன்ல 3 ஆங்கர் (இடம் தெரிஞ்ச சத்தக் கருவி) போட்டு, சத்தம் போய் வாற நேரத்தை வச்சு தண்ணிக்குள்ள இருக்கிற சென்சர் நோட் எங்க எண்டு பிடிக்கிறம். கொழும்புப் பேர வாவியில டெஸ்ட் பண்ணேக்க ஓகே. வெள்ளவத்தையில 200 மீட்டருக்கு 5 மீட்டர் குறைச்சுக் காட்டுது, சில நேரம் நோட் கரையோர ரயில் தண்டவாளத்துக்கு அங்கால, தரையில நிக்குது. அல்கோரிதத்தை மாத்தவா?

பதில்: தம்பி, அல்கோரிதத்தில கை வைக்காதீங்கோ. கோட்ல சத்தத்தின்ர வேகம் 1500 எண்டு போட்டிருக்கிறீங்கதானே? எல்லாரும் அப்பிடித்தான் போடுறது. வாவி நன்னீர், 28 பாகைச் சூட்டில செக்கனுக்கு 1505 மீட்டர் கிட்ட வரும், அதால உங்கட பிழை அங்க தெரியேல்ல. அதே சூட்டில கடல் தண்ணி உப்போட சேர்த்து 1540. 200-ஐ 1500-ஆல பெருக்கி 1540-ஆல பிரிச்சுப் பாருங்கோ, 195 வரும், உங்கட 5 மீட்டர் அங்கதான் போயிருக்கு.

ஆனா 1540-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீங்கோ, அளந்து எடுங்கோ. இழுபடாத டேப்பால 20 மீட்டர் ஒருக்கா, 100 மீட்டர் ஒருக்கா ஆங்கரிலயும் நோட்டிலயும் சத்தம் அனுப்பி வாங்கிற ரெண்டு மொடத்தையும் வச்சு நேரம் எடுங்கோ. ரெண்டு நேரத்துக்கும் இருக்கிற வித்தியாசம் 160 மீட்டர் (80 போய், 80 வந்து) ஓடின நேரம், 104 மில்லிசெக்கன் கிட்ட வந்தா 1540 சரி. ஒரு தூரத்தில மட்டும் அளந்தா வேகப் பிழையும் நோட் பதில் அனுப்ப எடுக்கிற தாமதமும் கலந்துபோய் எது எது எண்டே தெரியாது, அந்தத் தாமதம் 1 மில்லிசெக்கன் பிசகினாலே முக்கால் மீட்டர் போகும்.

போய் வாற நேரம் எடுத்தது கெட்டித்தனம். ஒரு பக்க நேரம் எடுத்திருந்தா ரெண்டு பக்கக் கடிகாரமும் ஒத்துப்போகோணும், 20 பிபிஎம் (பத்து லட்சத்தில 20 பங்கு) பிழையுள்ள கடிகாரக் கிறிஸ்டல் ஒரு நாளில 1.7 செக்கன் விலகும், அதுக்குள்ள சத்தம் இரண்டரைக் கிலோமீட்டர் ஓடிரும்.

தண்டவாளக் கதை வேற. ஆங்கர் மூண்டும் ஒரே லைன்ல நிண்டா கடல்பக்கம் ஒரு விடை, கண்ணாடியில பாக்கிற மாதிரி தரைப்பக்கம் ஒரு விடை, கணக்குக்கு ரெண்டும் சமன். (நல்லகாலம், காலி வீதி சாப்பாட்டுக் கடைக்குள்ள போகேல்ல.) ஒரு ஆங்கரைக் கடலுக்குள்ள தள்ளி முக்கோணமாக்குங்கோ. ஆழத்தைச் சத்தத்தால தேடாதீங்கோ, பிரஷர் சென்சர் போதும், 10 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 பார்.

இன்னொண்டு, ஆழம் குறைஞ்ச இடத்தில மேல்மட்டத்திலயும் அடியிலயும் பட்டுத் தெறிச்ச சத்தம் சிலநேரம் நேரா வந்ததை விடப் பலமா இருக்கும், பலமானதை இல்ல, முதல் வந்ததைப் பிடியுங்கோ. ஆனா கல்லுப்பக்கம் சொடக்கு இறால் போடுற சத்தம் கடுகு தாளிக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டே இருக்கும், வெறும் பிங் (ஒரு சின்னச் சத்தம்) அனுப்பினா அதைத்தான் முதல் வந்தது எண்டு பிடிப்பீங்க. சுருதி மாறிக்கொண்டு போற சேர்ப் சிக்னல் அனுப்பி, வாற சத்தத்தை அதோட ஒப்பிட்டுப் பாக்கிற கோரிலேஷன் செய்யுங்கோ.

மே பிறந்தா தென்மேல் பருவக்காத்துக்குக் கடல் கொந்தளிக்கும், முந்தியே அளந்து முடியுங்கோ. அந்த ரெண்டு நேரத்தையும் அனுப்புங்கோ, பிறகும் பிழைச்சா கோட்டைப் பாப்பம்.