டை (அச்சு) கோட்டிங் உரிகிறதா? ஹீட் ட்ரீட்மென்ட் ரிப்போர்ட்டை முதலில் எடுங்கள்

கேள்வி: 304 ஸ்டெயின்லெஸ் ஷீட்டில் பாத்திரம் இழுக்கும் டி2 ஸ்டீல் (ஒரு டூல் ஸ்டீல்) டைக்கு டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் போட்டோம். சீக்கிரமே ரேடியஸில் (டையின் வளைந்த மூலையில்) தங்க நிறம் உரிந்து, பாத்திரத்தில் கோடு விழுகிறது. அடுத்த தடவை இரண்டு மடங்கு தடிமனாகப் போடச் சொல்லலாமா?

வேண்டாம், இன்னும் சீக்கிரம் உரியும். இந்த பிவிடி கோட்டிங் (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைப்பது) வழக்கமாக 2 முதல் 4 மைக்ரான்தான். படியும்போதே உள்ளுக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடும். தடிமன் கூடக் கூட விளிம்பிலும் ரேடியஸிலும் அது தானாகவே பெயரப் பார்க்கும்.

டெம்பரிங் (கடினப்படுத்திய ஸ்டீலை மறுபடி சூடாக்குவது) எத்தனை டிகிரியில் செய்தார்கள் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். 200 டிகிரி என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். கோட்டிங் போடும்போது டை 450 டிகிரி வரை சூடாகும், 60 ஹெச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) கடினத்தோடு உள்ளே போன ஸ்டீல் இளகித்தான் வெளியே வரும், அளவும் கொஞ்சம் மாறியிருக்கும். மேலே 2000 விக்கர்ஸைத் (இன்னொரு கடினத்தன்மை அளவு) தாண்டிய கோட்டிங், கீழே இளகிய ஸ்டீல்: மெத்தை மேல் வைத்த அப்பளம்தான். அழுத்தம் வந்ததும் ஸ்டீல் அமுங்கும், கோட்டிங்குக்கு வளையத் தெரியாது, விரிசல் விடும். உரிந்த துகள் அதைவிடத் தொல்லை, டைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டையும் உழுதுவிடும். டி2வை 520 டிகிரி வாக்கில் இரண்டு முறை டெம்பர் செய்யச் சொல்லுங்கள். 58, 60 ஹெச்ஆர்சி கிடைக்கும், கோட்டிங் சூட்டையும் தாங்கும். ஈடிஎம் (மின்பொறியால் உலோகத்தை அரித்து வெட்டுவது) செய்த டை என்றால் மேலே உருகி உறைந்த வெள்ளைப் படலத்தை முழுசாகப் பாலிஷ் போட்டு எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கோட்டிங் அதோடு சேர்ந்தே வந்துவிடும்.

அப்புறம், கடினமான கோட்டிங் என்றால் வழுக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் ஸ்டீலோடு உரசினால் டைட்டானியம் நைட்ரைடின் உராய்வுக் கெழு 0.4, 0.6 என்றுதான் வரும், அது ஒன்றும் குறைவு இல்லை. டிஎல்சி (வைரம் போன்ற கார்பன் கோட்டிங்) 0.1, 0.2க்குள் இருக்கும், ஆனால் 300 டிகிரிக்கு மேல் தாங்காது. ஸ்டெயின்லெஸ் ஒட்டிக்கொள்ளும் சாதி, அதனால் நான் என்றால் டைட்டானியம் கார்போநைட்ரைடு கேட்பேன். எண்ணெயை மட்டும் எதற்காகவும் குறைக்காதீர்கள்.

கோட்டிங்குக்கு அனுப்பும்போது அதே ஸ்டீலில், அதே டெம்பரிங்கில் ஒரு சின்னத் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ராக்வெல் மெஷினில் 150 கிலோ போட்டுக் குத்தி, குழியைச் சுற்றி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மெல்லிய விரிசல் இருந்தால் பரவாயில்லை. வட்டமாகச் சில்லு பெயர்ந்திருந்தால் டையை பிரஸ்ஸில் ஏற்றாமல் திருப்பி அனுப்புங்கள்.