பைக்ல பின்னாடி உக்காந்து போனவரோட இழப்பீட்டுல பாதியை கழிக்க முடியுமா?

கேள்வி: என் தம்பி ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட ஒரே பைக்ல ராத்திரி உளுந்தூர்பேட்டை பக்கம் பைபாஸ்ல வந்திருக்கான். லைட்டே போடாம ரோட்டுல நின்ன லாரி மேல மோதி, தம்பிக்கு தொடை எலும்பு முறிஞ்சு ராடு வச்சிருக்காங்க. ஹெல்மெட் போடல. எஃப்ஐஆர் பைக் ஓட்டின ஃப்ரெண்டு மேல போட்டிருக்கு. லாரி இன்சூரன்ஸ் ஆள் வந்து "தப்பு உங்க மேலயும் இருக்கு, கோர்ட்டுக்கு போனா பாதி போயிடும், 3 லட்சத்துக்கு கையெழுத்து போடுங்க"ன்றார். போடலாமா சார்?

பதில்: போடாதீங்கம்மா. தொடை எலும்புல ராடு வச்ச கேஸ்ல, ராடு எடுக்கற செலவு எவ்வளவு, ஊனம் எத்தனை சதவீதம்னு தெரியறதுக்கு முன்னாடி யாரு நீட்டற பேப்பர்லயும் தம்பி கையெழுத்து போடக்கூடாது.

அந்த இன்சூரன்ஸ் ஆள் ரெண்டு விஷயத்தை ஒண்ணா போட்டு குழப்புறார். அடிபட்டவரோட சொந்த கவனக்குறைவும் விபத்துக்கு காரணம்னா அது கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ், அந்த அளவுக்கு அவர் பணம் குறையும். பைக் ஓட்டின ஃப்ரெண்டு தனக்கு கிளைம் போட்டா இது அவருக்கு பொருந்தும். தம்பி வண்டி ஓட்டல. லாரிக்காரர், பைக் ஓட்டினவர்னு ரெண்டு பேரோட தப்பும் சேர்ந்து மூணாவது ஆளான தம்பிக்கு அடிபட்டிருக்கு, இது காம்போசிட் நெக்லிஜென்ஸ். இதுல முழுத் தொகையையும் யாராவது ஒருத்தர்கிட்டயே வாங்கலாம்னு 2015ல கெனியி வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. உதாரணத்துக்கு 12 லட்சம் தீர்ப்பாகி, பைக் மேல 60, லாரி மேல 40 சதவீதம்னு ட்ரிப்யூனல் (விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கற கோர்ட்) பிரிச்சாலும், லாரி இன்சூரன்ஸ்கிட்டயே 12 லட்சத்தையும் கேக்கலாம், மீதியை பைக் தரப்புல வாங்கிக்கறது அவங்க பாடு. ஹைவேல நிறுத்தி வச்ச லாரில கார் மோதின ஒரு வழக்குல, டிரைவரோட தப்பை காட்டி பயணிகளோட பணத்தை கழிக்கக்கூடாதுன்னு 2024 செப்டம்பர்லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

ஹெல்மெட் இல்லாததுக்கு ஃபைன் போடறது வேற, இழப்பீட்டை கழிக்கறது வேற. தலையில அடிபட்டிருந்தா வாதம் பண்ண இடம் இருக்கு, தொடை எலும்பு முறிஞ்சதுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? ஒரே பைக்ல மூணு பேர் போனதுதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். அது மட்டுமே கவனக்குறைவு ஆகாது, விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமா இருந்திருக்கணும்னு 2020 ஜனவரியில தீர்ப்பு இருக்கு, ஆனா அந்த வழக்குல பைக்கை பின்னாடி இருந்து கார் இடிச்சுது, உங்க கேஸ்ல பைக்தான் போய் மோதியிருக்கு, அதனால பேலன்ஸ் கிடைக்காம மோதினாங்கன்னு எதிர்தரப்பு கட்டாயம் கேப்பாங்க. கொஞ்சம் கழிஞ்சாலும் கழியலாம், பாதியெல்லாம் போகும்னு பயமுறுத்தறது அநியாயம்.

எஃப்ஐஆர் ஃப்ரெண்டு மேல இருக்குன்னு கலங்காதீங்க, அது முடிந்த முடிவு இல்ல. போலீஸ் வரைஞ்ச ரஃப் ஸ்கெட்ச் (விபத்து இடத்தோட வரைபடம்), பார்வை மகஜர் (அந்த இடத்தை பாத்து எழுதின குறிப்பு), எம்.வி. இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் மூணையும் உடனே காப்பி வாங்குங்க. லாரி ரோட்டுக்குள்ள எவ்வளவு தூரம் நீட்டிக்கிட்டு நின்னுது, பின்னாடி ரிஃப்ளெக்டர் இருந்துச்சா, சுத்தி கோன் ஏதாவது வச்சிருந்தாங்களா, அந்த இடத்துல தெருவிளக்கு இருக்கான்னு பாருங்க, கேஸே இதுலதான் நிக்குது.

பைக்கோட பாலிசியையும் பாத்துடுங்க. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா பின்னாடி உக்காந்தவருக்கு அதுல கவர் கிடையாது, பேக்கேஜ் பாலிசின்னா (காம்ப்ரிஹென்சிவ்னு சொல்ற முழு பாலிசி) உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும்தான்னா லாரி இன்சூரன்ஸ் கட்டிட்டு ஃப்ரெண்டோட பங்கை அவர் கைக்காசுல இருந்து கேக்க வாய்ப்பு இருக்கு, இதை அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பின்னால மனஸ்தாபம் வரக்கூடாது. அவரை எதிர்மனுதாரரா சேக்காமலும் எம்சிஓபி (ட்ரிப்யூனல்ல போடற இழப்பீட்டு மனு) போடலாம், ஆனா அப்பவும் லாரி தரப்பு அவர் மேல தனியா வரலாம். சேக்கறதா வேண்டாமான்னு பாலிசியை பாத்துட்டு உங்க வக்கீலோட உக்காந்து முடிவு பண்ணுங்க. சேக்கலைன்னா லாரி இருட்டுல நின்னதுக்கு அவரையே சாட்சியா போடலாம், இல்லன்னா கூட வந்த இன்னொரு பையன் இருக்கார்.

விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனு போட்டுடுங்க, நீங்க குடியிருக்கற ஊர் ட்ரிப்யூனல்லயே போடலாம், உளுந்தூர்பேட்டைக்கு அலைய வேண்டாம். ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, தம்பியோட சம்பள சிலிப் எல்லாத்தையும் ஒரிஜினலா எடுத்துக்கிட்டு போங்க.