மூன்று மொனிட்டர் பூட்ட ஸ்ப்ளிட்டர் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: வீட்டில் பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 கணினி ஒன்று, ஒரு மொனிட்டருடன் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு வேலைக்கும் ஒன்லைன் வகுப்புக்கும் இன்னும் இரண்டு மொனிட்டர் வேண்டும். கடையில் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

வாங்க வேண்டாம். ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டு திரையில் காட்டுகிற பெட்டி. கல்யாண மண்டபத்தில் இரண்டு டிவியில் ஒரே வீடியோவை ஓட விடுவதற்கு அது சரி. உங்களுக்கு வேண்டியது ஒன்றில் எக்செல், மற்றதில் ப்ரவுசர், மூன்றாவதில் சூம். அதை ஸ்ப்ளிட்டர் ஒருநாளும் தராது, ஏனென்றால் எத்தனை திரையைக் கொழுவினாலும் கணினிக்கு அது ஒரே மொனிட்டராகத்தான் தெரியும். இரண்டு மொனிட்டருக்குப் பிரிகிற இரட்டைத் தலை விஜிஏ வயருக்கும் இதே கதைதான். இன்னொன்று, 9020இன் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ போர்ட்டே கிடையாது. அப்படியிருக்க எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரை எடுத்துக் கொடுப்பவர் உங்கள் கணினி என்ன மொடல் என்றுகூடக் கேட்கவில்லை என்று அர்த்தம். மட்டக்களப்பு டவுனிலும் கல்முனையிலும் விஷயம் தெரிந்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள், எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் மொடலைக் கேட்காமல் பொருளை எடுத்து வைக்கிற வியாபாரம் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

கணினியைத் திருப்பிப் பாருங்கள். டவர் என்றாலும் ஒடுக்கமான எஸ்எஃப்எஃப் பெட்டி என்றாலும் 9020இல் மொனிட்டர் கொழுவுகிற துளைகளாக நீல நிற விஜிஏ ஒன்றும் டிஸ்ப்ளே போர்ட் இரண்டும் இருக்கும். டிஸ்ப்ளே போர்ட்டை எச்டிஎம்ஐ என்று நினைத்துவிடாதீர்கள். எச்டிஎம்ஐயின் கீழ் மூலைகள் இரண்டும் சரிந்திருக்கும், டிஸ்ப்ளே போர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். உள்ளே இருக்கிற 4ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரின் சொந்தக் கிராஃபிக்ஸே ஒரே நேரத்தில் மூன்று திரையைத் தாங்கும். ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், ஸ்ப்ளிட்டர் வேண்டாம், இரண்டு வயர் போதும். ‘கேமுக்கு இது காணாது’ என்று சிலர் எழுத வருவார்கள். உண்மைதான், காணாது. கேட்டவர் கேம் பற்றிக் கேட்கவில்லை.

எந்த வயர் என்பது மொனிட்டரைப் பொறுத்தது. கொழும்பிலிருந்து வருகிற ரீகண்டிஷன் ஒபிஸ் மொனிட்டர்களில், டெல் பி2214எச், எச்பி ஈ231 போன்றவற்றில், டிஸ்ப்ளே போர்ட், டிவிஐ, விஜிஏ மூன்றும் உண்டு, எச்டிஎம்ஐ இல்லை. அதைப் பார்த்துச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உங்களுக்கு அதுதான் பொருத்தம்: டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு நேர் வயர். எச்டிஎம்ஐ மட்டுமுள்ள புது மொனிட்டர் என்றால் டிஸ்ப்ளே போர்ட் டு எச்டிஎம்ஐ வயர் எடுங்கள். இந்த வயர் ஒருவழிப் பாதை. கணினிப் பக்கம் டிஸ்ப்ளே போர்ட்டும் மொனிட்டர் பக்கம் எச்டிஎம்ஐயுமாக இருந்தால்தான் வேலை செய்யும். எச்டிஎம்ஐ உள்ள லெப்டொப்பிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் மட்டுமுள்ள மொனிட்டருக்கு இதே வயரைத் திருப்பிப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். அதற்கு யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிற கன்வெர்ட்டர் வேறாக வேண்டும்.

வயர் 2 மீட்டருக்குள் இருக்கட்டும். மலிவான டிஸ்ப்ளே போர்ட் வயர்கள் சிலவற்றில் ஒரு பிழை உண்டு: தலைக்குள் உள்ள 20ஆவது பின்னை (ஊசியை) இரு பக்கமும் இணைத்துவிடுகிறார்கள். அது 3.3 வோல்ட் மின்சாரப் பின், சாதாரண வயரில் இணைக்கவே கூடாது. இணைத்தால் மொனிட்டரிலிருந்து கணினிக்குள் மின்சாரம் திரும்பி ஏறும். கணினி ஒன் ஆகாமல் அடம்பிடிப்பது, திரை விட்டுவிட்டு அணைவது எல்லாம் இதனாலும் வரும். வயரைக் கழற்றியவுடன் கணினி ஒழுங்காக ஒன் ஆனால் சந்தேகப்பட வேண்டியது அந்த வயரைத்தான். இன்னொரு கவனம்: டிஸ்ப்ளே போர்ட் தலையில் இரண்டு சின்னக் கொக்கிகள் இருக்கும். மேலேயுள்ள பொத்தானை அமத்திக்கொண்டு இழுக்க வேண்டும். அமத்தாமல் இழுத்தால் போர்ட்டே மதர்போர்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரலாம்.

மூன்றில் எதைக் குறைவாகப் பார்ப்பீர்களோ அதை விஜிஏயில் போடுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் வெள்ளைப் பக்கத்தில் எழுத்து நிறைந்த ஒரு கோப்பை முழுத்திரையில் திறந்துவைத்து, மொனிட்டரின் ஓட்டோ அட்ஜஸ்ட் பொத்தானை அமத்துங்கள். வெறும் கறுப்புத் திரையில் அமத்தினால் அதற்கு ஓரம் எது என்றே பிடிபடாது.

இனி வயர் கொழுவும் முறை. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. நம் பக்கத்துப் பல வீடுகளில் சுவரில் மூன்று துளைப் பிளக் இருக்கும், அதற்குப் பின்னால் ஏர்த் கம்பி எங்கும் போகாது. கணினியின் பவர் சப்ளைக்குள் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கின்றன. ஏர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி 230 வோல்ட்டின் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். கை பட்டால் சுருக்கென்று கடிப்பது அதனால்தான். அந்த நிலையில் கணினியையும் மொனிட்டரையும் ஒன் செய்துவைத்துக்கொண்டு வீடியோ வயரைச் செருகினால் அந்த வித்தியாசம் சிக்னல் பின் வழியாகப் பாயலாம். போர்ட் செத்துவிடும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். பிறகு ‘மொனிட்டர் பழுது’ என்று அதைத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள்.

ஆகவே கணினி, மூன்று மொனிட்டர் எல்லாவற்றையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் கோட்டில் போட்டு, அதைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, வீடியோ வயர்கள் முழுவதையும் கொழுவி, கடைசியில் மின்சாரம் கொடுங்கள். மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஏர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் போன்ற கடற்கரை மணலில், ஏர்த் கம்பி ஆழமாக ஈர மண்வரை இறங்காவிட்டால் வெயில் காலத்தில் மணல் காய்ந்து அது பெயருக்குத்தான் ஏர்த்தாக இருக்கும். லட்சக்கணக்கில் செலவழித்து டைல்ஸ் பதிக்கிறோம், ஒரு ஏர்த் கம்பிக்குக் கணக்குப் பார்க்கிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் வீட்டுக்காரர் ‘இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்கவில்லையே’ என்கிறார். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் ஸ்விட்ச் சரியாக விழுகிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானையும் அடிக்கடி அமத்திப் பார்க்க வேண்டும். இது கணினிக்கான பேச்சு மட்டுமல்ல, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஐப்பசி இடி தொடங்கினால் பிளக்கோடு ரௌட்டரின் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும். யூபிஎஸ் இருந்தால் கணினியையும் நடு மொனிட்டரையும் மட்டும் அதில் போடுங்கள். 24 அங்குல எல்ஈடி மொனிட்டர் ஒன்று 20 முதல் 30 வாட்தான் இழுக்கும் என்றாலும், கரண்ட் போனால் வேலையைச் சேமிக்க ஒரு திரை போதும்.

விண்டோஸ் பக்கம் அதிகம் இல்லை. டெஸ்க்டொப்பில் வலது கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், ‘எக்ஸ்டென்ட்’. ஐடென்டிஃபையை அமத்தினால் ஒவ்வொரு திரையிலும் இலக்கம் தெரியும். மேசையில் எப்படி வைத்திருக்கிறீர்களோ அதே வரிசையில் பெட்டிகளை இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மௌஸ் வலப்பக்கம் போக வேண்டிய இடத்தில் சுவரில் முட்டியதுபோல நிற்கும். ஒரு விண்டோவை அடுத்த திரைக்கு அனுப்ப விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அமத்துங்கள்.

மற்ற இரண்டு திரையும் தெரியவே இல்லை என்றால் வயரைக் குறைசொல்ல முன் டிவைஸ் மனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடப்டர்ஸைப் பாருங்கள். அங்கே ‘மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்’ என்று இருந்தால் விண்டோஸ் புதிதாகப் போட்டவர் டிரைவர் போடாமல் விட்டிருக்கிறார். டெல் தளத்தில் உங்கள் பெட்டியில் ஒட்டியிருக்கும் சர்விஸ் டாக் இலக்கத்தைக் கொடுத்து இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூன்றும் வந்துவிடும்.