கிணற்றில் கிடைத்த வெள்ளைக் கற்கள்: எது எதுவென்று வீட்டிலேயே கண்டறிய முடியுமா?

கேள்வி: சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. இந்தக் கோடையில் கிணற்றை ஆழப்படுத்தியபோது மேலே வந்த கற்குவியலில் மூன்று விதமான வெள்ளைக் கற்கள் கிடைத்தன. ஒன்று கண்ணாடிபோல் இருக்கிறது. ஒன்றில் பக்கங்கள் பளபளக்கின்றன. மூன்றாவது, உடைந்த பீங்கான்போல் பளபளப்பின்றி இருக்கிறது. இவை தவிர, மஞ்சளாக மினுங்கும் துகள்கள் பதிந்த கருங்கல் துண்டு ஒன்றும் உள்ளது. ஒருவர் விலைமதிப்புள்ள கல் என்கிறார், இன்னொருவர் வெறும் சுண்ணாம்புக்கல் என்கிறார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன் நாங்களே இவற்றை ஓரளவு இனம் காண வழி உண்டா?

பதில்: வழி உண்டு. உங்கள் கற்களில் மூன்றையாவது வீட்டுத் திண்ணையிலேயே பெயர் சொல்லும் அளவுக்கு இனம் காணலாம். அதற்கு ஓர் இரும்பு ஆணி, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சமையலறை மின்னணுத் தராசு, கொஞ்சம் வினிகர், மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் ஓடு ஆகியவை போதும். ஆனால் தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் வந்து சொன்ன இருவருமே நிறத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், கனிமங்களை இனம் காண்பதில் நிறம்தான் மிகக் குறைவாக நம்பத்தக்க அடையாளம். படிகக்கல் (குவார்ட்ஸ்), ஃபெல்ட்ஸ்பார், கால்சைட், ஜிப்சம், பேரைட், மேக்னசைட் என்று வெள்ளையாகக் கிடைக்கும் கனிமங்கள் பல இருக்க, படிகக்கல் ஒன்றே வெள்ளை, ஊதா, இளஞ்சிவப்பு, புகைக்கருமை எனப் பல நிறங்களில் வருகிறது.

முதல் வேலை, ஒவ்வொரு கல்லிலும் புதிதாக உடைந்த ஒரு முகத்தை உண்டாக்குவது. கல்லைத் தடித்த சாக்குத் துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் போதும். இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் மாணவனாக இருந்தபோது கற்றுக்கொண்டேன். களப்பயணத்தில் வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒரு துளி அமிலம் விட்டேன், நுரை பொங்கியது, கால்சைட் என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஆசிரியர் அதே கல்லை உடைத்து உட்பக்கத்தில் ஒரு துளி விடச் சொன்னார். அங்கே ஒரு குமிழிகூட எழவில்லை. கல் ஃபெல்ட்ஸ்பார், நுரைத்ததெல்லாம் அதன்மேல் மெல்லிய தோலாகப் படிந்திருந்த சுக்கான், அதாவது மண்ணில் உருவாகும் சுண்ணாம்புப் படிவு. வறண்ட கொங்கு நிலத்தில் சுக்கான் படியாத கல்லைக் காண்பதே அரிது என்பதால், உங்கள் கற்களிலும் இந்த ஏமாற்றம் காத்திருக்கக்கூடும்.

அடுத்தது கடினத்தன்மை, அதாவது கீறலை எதிர்க்கும் திறன். ஃபிரீட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் 1812ஆம் ஆண்டில் வகுத்த பத்துப் படி அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். மாக்கல்லின் மூலக்கனிமமான டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளூரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் 6, படிகக்கல் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10 என்பது அதன் வரிசை. கை நகம் ஏறக்குறைய 2.5 என்ற நிலையிலும், சாதாரணக் கண்ணாடி 5.5 என்ற நிலையிலும், இரும்பு ஆணி இவ்விரண்டுக்கும் நடுவே கண்ணாடிக்குச் சற்றுக் கீழேயும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பாடநூல்கள் சொல்லும், செப்புக்காசால் கல்லைக் கீறிப் பார்க்கும் சோதனையை நம் ரூபாய் நாணயங்களைக் கொண்டு செய்ய வேண்டாம். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகில் வார்க்கப்படுபவை, செம்பைவிட மிகவும் கடினமானவை.

கல்லின் கூர்மையான முனையைக் கண்ணாடித் துண்டின்மேல் அழுத்தி ஒரு விரல் நீளத்துக்கு இழுங்கள். வெள்ளைக் கோடு விழுந்ததும் கீறிவிட்டது என்று முடிவுகட்டாமல், ஈர விரலால் அந்தக் கோட்டைத் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்தால், கண்ணாடி கல்லைத் தேய்த்துத் தூளாக்கியிருக்கிறது என்று பொருள். அழியாமல் நகத்தில் தட்டுப்பட்டால்தான் கல் கண்ணாடியைக் கீறியிருக்கிறது. கனிமவியலில் புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்தத் துடைப்பைச் செய்யாததால் வருவது என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

நீங்கள் எழுதியுள்ள விவரத்தை வைத்துப் பார்த்தால், கண்ணாடிபோல் உள்ள முதல் கல் கண்ணாடியை எளிதாகக் கீறும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படிக் கீறினால் அது பெரும்பாலும் உங்கள் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லப்படும் படிகக்கல். ஆனால் கண்ணாடியைக் கீறுவது படிகக்கல் மட்டும் அன்று, ஃபெல்ட்ஸ்பாரும் கீறும். இந்த இரண்டையும் பிரிப்பது கடினத்தன்மை அன்று, உடையும் விதம்.

கனிமத்தின் உள்ளே அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் பிணைப்பு வலுவிழந்த தளங்கள் இருந்தால், கல் அந்தத் தளங்களை ஒட்டியே பிளக்கும். இதைப் பிளவு என்கிறோம். எல்லாத் திசையிலும் பிணைப்பு ஒரே வலுவுடன் இருந்தால், பிளவின்றிக் கண்டபடி முறியும். படிகக்கல்லில் பிளவு இல்லை. உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல் குழிந்து வளைந்திருக்கும். ஃபெல்ட்ஸ்பாரோ ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் சந்திக்கும் இரண்டு தளங்களில் பிளக்கும். உங்கள் இரண்டாவது கல்லை வெயிலில் பிடித்து, மணிக்கட்டை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணம் வரும்போது முகம் முழுவதும் ஒரே நொடியில் சன்னல் கண்ணாடிபோல் பளிச்சிட்டு, சற்றே திருப்பியதும் முழுவதும் ஒன்றாக அணைந்துவிட்டால், நீங்கள் பார்ப்பது பிளவுத்தளம். லென்ஸ் வழியே பார்த்தால் அந்தத் தளங்கள் சின்னச் சின்னப் படிக்கட்டுகளாக இறங்குவதும் தெரியும்.

அந்தப் பளிச்சிடும் கல் கண்ணாடியைக் கீறவும் செய்தால் ஃபெல்ட்ஸ்பார் என்று எழுதிக்கொள்ளலாம். கண்ணாடியைக் கீறாமல், இரும்பு ஆணியால் எளிதில் கீறுபட்டு, பிளவுத்தளங்கள் செங்கோணமாக இல்லாமல் ஒருபுறம் சாய்ந்த பெட்டிபோல் மூன்று திசைகளில் அமைந்திருந்தால் அது கால்சைட். அதன் தளங்கள் சந்திக்கும் கோணங்கள் ஏறத்தாழ 75, 105 பாகைகள். தெளிவான துண்டு கிடைத்தால் செய்தித்தாளின்மேல் வைத்துப் பாருங்கள்: ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். இனம் காண்பதில் இவ்வளவு அழகான சாட்சி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அமிலச் சோதனை கால்சைட்டுக்கான உறுதிப்பாடு. கால்சைட் கால்சியம் கார்பனேட் என்பதால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சீறிப் பொங்கும். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டான டோலமைட் கட்டியாக இருக்கும்போது பொங்காது, பொடியாக்கினால் மெதுவாக நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறையச் சும்மா கிடக்கும். சூடான அமிலத்தில்தான் வினைபுரியும். வீட்டில் இதற்குக் குளியலறை கழுவும் ஆசிட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். அதன் செறிவு அதிகம், ஆவி நுரையீரலை எரிக்கும், பிளீச்சிங் பவுடர் கலந்த இடத்தில் பட்டால் நச்சு வாயுவான குளோரின் எழும். கல்லைச் சுரண்டி எடுத்த பொடியின்மேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டு, லென்ஸ் வழியே குமிழிகள் எழுகின்றனவா என்று பாருங்கள். கால்சைட் பொடி இவற்றிலும் நன்றாகவே நுரைக்கும். சூடான அமிலச் சோதனையை அருகிலுள்ள பள்ளி அல்லது கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது கல்தான் என் ஆர்வத்தைத் தூண்டுகிறது. உடைந்த பீங்கான்போல், பளபளப்பின்றி, வெண்மையாக என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்தின் சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கும் மேக்னசைட்டின் தோற்றம் துல்லியமாக இதுவே. பெயரில் சுண்ணாம்பு இருந்தாலும் அந்தக் கரட்டில் உள்ளது சுண்ணாம்பு அன்று, மக்னீசியம் கார்பனேட். ஆலிவின் என்ற கனிமம் நிறைந்த கரும்பச்சைப் பாறை, கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீரால் சிதைந்து மாறியபோது, அதன் வெடிப்புகளில் வலைப்பின்னல்போல் படிந்த நரம்புகள் அவை. சேலத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளைக்கல் என்று அழைக்கும் இதை எரித்துத்தான் எஃகு ஆலை உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கற்கள் செய்கிறார்கள். இதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை என்பதால் பிளவுத்தளங்கள் பளிச்சிடுவதில்லை. முறிவு சிப்பி வளைவாக இருப்பதைப் பார்த்துப் படிகக்கல் என்று மயங்குபவர்களும் உண்டு. கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால் அந்த மயக்கம் தீரும்: படிகக்கல் கீறும், மேக்னசைட் கீறாது.

இதை உறுதிசெய்யச் சிறந்த வழி ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்ற எண். செய்முறை எளிது. முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதியளவு நீர் நிரப்பிய டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ சுவரையோ தொடாதவாறு நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் அளவே கல்லால் விலக்கப்பட்ட நீரின் எடை. உலர்ந்த எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 132 கிராம் கல்லுக்குத் தராசு 44 காட்டினால் விடை 3.0, அது மேக்னசைட்டுக்குப் பொருந்துகிறது. அதே 132 கிராமுக்கு 50 காட்டினால் 2.64, அது படிகக்கல்லின் 2.65ஐ ஒட்டியது. மேக்னசைட்டில் நுண்துளைகள் இருக்கும் என்பதால் நீரில் குமிழிகள் வெளியேறும்வரை காத்திருந்து அளவெடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் பிழை பெருகும். 100 கிராமுக்குக் குறையாத துண்டே நல்லது.

படிகக்கல்லின் 2.65, கால்சைட்டின் 2.71, ஃபெல்ட்ஸ்பாரின் 2.56 முதல் 2.76 வரையான எண்கள் மிக நெருங்கியவை என்பதையும் கவனியுங்கள். இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உங்கள் தராசு உதவாது. அங்கே பிளவும் அமிலமும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எந்தச் சோதனை எந்த இடத்தில் பேசும், எந்த இடத்தில் பேசாது என்று தெரிந்துகொள்வதே இந்தக் கலையின் பெரும்பகுதி.

மஞ்சள் துகள்களுக்கு வருவோம். கருங்கல்லில் மஞ்சளாக மினுங்குவது பெரும்பாலும் காக்காப்பொன்தான், அதாவது வானிலையால் சிதைந்து பொன்னிறமேறிய மைக்கா. குண்டூசி முனையால் துகளை நெம்பினால் அது மெல்லிய ஏடுகளாக உரிந்து வரும், வளைத்துவிட்டால் பலவேளை மீண்டும் நிமிரும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட் ஆக இருந்தால் ஊசி அழுத்தத்தில் நொறுங்கும்; இரும்பு ஆணியால் கீற முடியாது. பொன்னாக இருந்தால் நொறுங்காமலும் உரியாமலும் ஈயத்தைப்போல் குழிந்து கொடுக்கும். ஐயம் தீராவிட்டால் நம் பொற்கொல்லர்கள் உரைகல்லில் செய்வதையே செய்யுங்கள்: துகளைப் பீங்கான் ஓட்டின் மெருகில்லாப் பக்கத்தில் இழுத்து, விழும் தூளின் நிறத்தைப் பாருங்கள். பொன் பொன்னிறக் கோட்டையே விடும். பார்வைக்குப் பித்தளைபோல் மின்னும் பைரைட் பசுங்கருமையான கோட்டை விடும். கல்லின் நிறம் ஏமாற்றினாலும் தூளின் நிறம் ஏமாற்றுவது குறைவு. கறுத்த இரும்புக் கனிமங்களில் செம்பழுப்புத் தூள் ஹேமடைட்டையும், கருந்தூளும் காந்தத்தில் ஒட்டுவதும் சேர்ந்தால் கஞ்சமலையில் மிகுந்துள்ள மேக்னடைட்டையும் காட்டும்.

விலைமதிப்பு பற்றிய பேச்சுக்கும் ஒரு வார்த்தை. கொங்கு நாட்டில் மணிக்கற்கள் கிடைப்பது உண்மைதான். காங்கேயம் பகுதியின் பெரிலும் நிலாக்கல்லும், நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியின் குருந்தமும் பெயர்பெற்றவை. ஆங்கிலத்தில் கொரண்டம் என்று வழங்கும் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனது. ஆனால் கண்ணாடியைக் கீறுவது மணிக்கல் என்பதற்குச் சான்று ஆகாது. உங்கள் தோட்டத்து வெங்கச்சங்கல்லும் அதைச் செய்யும். படிகக்கல்லையே கீறக்கூடிய கல் கிடைத்தால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள். சுத்தியலால் அடித்தும் உடையாதது விலைமதிப்புள்ள கல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடினம் வேறு, உறுதி வேறு. கீறலில் எல்லாவற்றையும் வெல்லும் வைரம், சுத்தியல் அடியில் பிளந்துவிடும். முழுமையான முகங்களும் தெளிவும் கொண்ட படிகம் கிடைத்தால் அதை உடைக்கவும் கீறவும் வேண்டாம். ஒப்படர்த்தியை மட்டும் பார்த்து எடுத்து வையுங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது கல்லைக் கழுவாமல், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி, எத்தனை அடி ஆழத்தில் எந்தப் பாறையோடு ஒட்டி இருந்தது என்ற குறிப்பையும், நீங்கள் செய்த சோதனைகளின் முடிவுகளையும் உடன் வையுங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை உங்களுக்கு அருகிலேயே உள்ளது. மூன்றாவது கல்லின் துண்டோடு, அது ஒட்டியிருந்த பாறையிலும் ஒரு கைப்பிடி அளவு எடுத்துச் செல்லுங்கள். அது கரும்பச்சையாகவும் கையில் கனமாகவும் இருந்தால், ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே வெள்ளைக்கல் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.