லெகாம்ப்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள லெகாம்ப்டன் என்ற ஊரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். சுமார் அறுநூறு பேர் வாழும் ஊர், ‘உள்நாட்டுப் போர் பிறந்த இடம்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நம் தலபுராணங்களில் இந்திரன் எல்லா ஊருக்கும் வந்து சாபம் தீர்ந்து போவான், அந்த மாதிரிதானே இதுவும்? கான்சஸ் சிட்டியில் வேலைபார்க்கும் என் மகன், ஒரு காலத்தில் அதுதான் கான்சஸின் தலைநகர், ரயில் வராததால்தான் அது கைமாறியது, பாவம் அந்த ஊர் என்கிறான். அப்படியா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கொஞ்சம் தலபுராணம்தான். ஆனால் இந்திரன் உண்மையிலேயே வந்துபோன ஊர் இது.

ரயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1861 ஜனவரியில் கான்சஸ் மாநிலமானபோது தலைநகர் டொபீகாவுக்குப் போனது. அன்று டொபீகாவுக்கும் ரயில் கிடையாது.

லெகாம்ப்டன் ஒரு கட்சியின் தலைநகர். கான்சஸில் அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்று 1854இல் சட்டம் வந்தது. பக்கத்து மிசௌரியிலிருந்து ஆட்கள் எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டு, அடிமைமுறை ஆதரவாளர்களின் சட்டசபையை உண்டாக்கினார்கள். அந்தச் சபை 1855இல் தேர்ந்தெடுத்த தலைநகர் இது. ஊரை உருவாக்கி மனை விற்ற கம்பெனியின் தலைவர் சாமுவேல் லெகாம்ப்ட். அப்போது இன்னும் மாநிலமாகாத கான்சஸ் ஆட்சிப்பகுதியின் தலைமை நீதிபதியும் அவரே. ஊர்ப்பெயர் அவருடையதுதான்.

கான்சஸை மாநிலமாக்குவதற்காக அடிமைமுறை ஆதரவாளர்கள் 1857இல் இங்கே கூடி ஓர் அரசியல் சாசனம் எழுதினார்கள். அதை மக்கள் முன் வைத்த விதம்தான் எனக்குத் தீராத வியப்பு. ‘அடிமைமுறையுடன் சாசனம்’, ‘அடிமைமுறை இல்லாமல் சாசனம்’ என்று இரண்டே தேர்வு. சாசனமே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இரண்டாவதைத் தேர்ந்தாலும் ஏற்கெனவே அங்கிருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள். எதிர்த்தரப்பு புறக்கணித்தது. முதல் தேர்வுக்கு 6,226 ஓட்டு, இரண்டாவதற்கு 569. முதல் கணக்கில் 2,720 ஓட்டு கள்ள ஓட்டு என்று பிறகு தெரிந்தது. இரண்டே வாரத்தில், 1858 ஜனவரி 4 அன்று, சாசனமே வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தபோது 10,226 பேர் வேண்டாம் என்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் மோசடியாகத் திருத்தப்பட்ட ஓட்டுக் கணக்குகள் ஒரு மெழுகுவத்திப் பெட்டிக்குள், லெகாம்ப்டன் சர்வேயர் ஜெனரல் (நில அளவைத் தலைமை அதிகாரி) அலுவலகத்தின் விறகுக் குவியலுக்கு அடியில் அகப்பட்டன!

இத்தனைக்குப் பிறகும் அதிபர் புக்கானன் இதே சாசனத்தை ஏற்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையில் நள்ளிரவு தாண்டி கைகலப்பு. மிசிசிப்பி உறுப்பினர் பார்க்ஸ்டேலின் டோப்பா ஒருவர் கையோடு வந்துவிட்டது. பார்க்ஸ்டேல் அவசரத்தில் அதை முன்பின்னாக மாட்டிக்கொள்ள, சபை சிரித்துச் சண்டை ஓய்ந்தது. சிரிப்பு அத்தோடு சரி. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் டக்ளஸே இந்தச் சாசனத்தை எதிர்த்தார், தன் கட்சி அதிபரோடு முறித்துக்கொண்டார். அந்தப் பிளவோடுதான் ஜனநாயகக் கட்சி 1860 தேர்தலுக்குப் போய் இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. ஜெயித்தவர் அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன். அதற்குப் பின் தென்மாநிலங்கள் பிரிந்துபோக, உள்நாட்டுப் போர் மூண்டது. போர் இங்கே பிறந்தது என்பது மிகை. போருக்கு வழிவிட்ட கட்சிப் பிளவுக்கு இந்த ஊரின் பெயர் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது.

அதனால் எனக்குப் பாவமாக இல்லை. சட்டசபை எதிர்த்தரப்பின் கைக்கு வந்ததும், லெகாம்ப்டனில் கூடிய கையோடு கூட்டத்தைப் பக்கத்து லாரன்ஸுக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கே இருக்கவே பிடிக்கவில்லை! வாஷிங்டனிலிருந்த மத்திய அரசு கொடுத்த 50,000 டாலரில் தொடங்கிய தலைமைச் செயலகம் அஸ்திவாரத்தோடு நின்றது. 1882இல் அதன் மேல் ஒரு கல்லூரி எழுந்தது. பெயர் லேன் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் லேன் யார் தெரியுமா? அடிமைமுறையை எதிர்த்து, இந்த ஊர்க்காரர்களோடு துப்பாக்கி பிடித்துச் சண்டையிட்ட படையின் தலைவர். அங்கே படித்த டேவிட், ஐடா இருவரும் 1885இல் அதே கட்டடத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். அவர்கள் மகன்தான் பின்னாளில் அதிபரான ஐசனோவர்.

இன்று அந்தக் கட்டடம் அருங்காட்சியகம். உங்கள் மகனுக்குக் காரில் ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆனால் முதலில் கான்ஸ்டிட்யூஷன் ஹாலுக்குப் போகச் சொல்லுங்கள். 1856இல் கட்டிய சாதாரண மரக்கட்டடம், சாசனம் எழுதியது அதன் மாடியில்தான். கீழ்த்தளத்தில் நிலப்பதிவு அலுவலகம் இருந்தது, மனை வாங்கி விற்பவர்கள் அங்கேதான் மொய்த்துக்கிடந்தார்கள். மாடியைவிடக் கீழே கூட்டம் அதிகமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.